அனைத்துலகப் புகுமுகப் பட்டயமும் தாய்மொழி இலக்கியமும்

பள்ளிக் கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் இடையே அமைந்த ஈராண்டுக் காலத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வகையாக நடத்தி வந்துள்ளது. இங்கிலாந்தில் அதனை ஆறாம் படிவம் என வழங்குவர். பிரான்சில் அது பாக்கலோரியாத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் காலமாகும். நம் நாட்டில் இண்டர்மீடியட் வகுப்பாகவும் பின்னர்ப் புகுமுக வகுப்பாகவும் கல்லூரியைச் சார்ந்திருந்த அக் கல்வி, தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு முதல் மேனிலைப் பள்ளியின் இறுதி ஈராண்டாக அமைந்தது. இங்ஙனம் நாட்டுக்கு நாடு வேறுபட்டு நிற்கும் இப் பருவத்திற்கென, எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையாகாத தேர்வு ஒன்றை நடத்தும் நிறுவனம் 1968இல் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் நிறுவப்பெற்றது. அத் தேர்வில் வெற்றி பெறுவோர்க்கு வழங்கப்படுவதே அனைத்துலகப் பாக்கலோரியாப் பட்டயம். அதன் தோற்றத்தையும் அமைப்பையும் சுருங்க விளக்கி, அதனுள் தாய்மொழி இலக்கியத்திற்கு அளிக்கப்பட்டுள்ள இடத்தையும், அவ்விடத்தில் தமிழ் நிலைபெறுதற்கு வேண்டுவன யாவை என்பதையும் ஆராய்வது இக் கட்டுரையின் நோக்கமாகும். கல்வித் துறையார்க்கு உரிய பொருளைத் தமிழ்த் துறை இதழில் ஆராய்வது ஏன் என்னும் ஐயம் எழலாம். இப் பட்டயத்தின் ஆறு பாடத் தொகுதிகளுள் முதலாவது, மாணவன் தன் மொழியின் இலக்கியத்தைப் பயில்வதாகும். அவ்வொரு காரணமே இவ்வாராய்ச்சிக்குப் போதியது.

முதல் உலகப் போருக்குப் பின் உலக நாடுகளின் சங்கமும் அனைத்துலகத் தொழில் அலுவலகமும் ஜெனீவாவில் அமைந்தன. அவற்றில் பணிபுரிய வந்த பல நாட்டாரின் மக்கள் பயிலுதற்காக 1924இல் ஜெனீவா அனைத்துலகப் பள்ளி தோன்றியது. அங்குப் பயின்றவர்கள் கீழ் வகுப்புகளில் ஒருங்கே கற்றனர். ஆயின் இறுதி ஈராண்டை அடைந்ததும் பிரிக்கப்பட்டனர். பிரான்சுக்குச் செல்ல விரும்பியவன் பாக்கலோரியாவுக்கும், இங்கிலாந்துக்குச் செல்ல விரும்பியவன் பொதுக் கல்விச் சான்றிதழின் உயர்நிலைத் தேர்வுக்கும், சுவிஸ் நாட்டிலேயே தங்க விரும்பியவன் மதுரித்தே என்னும் தேர்வுக்கும், அமெரிக்கா செல்ல விரும்பியவன் அந்நாட்டுக் கல்லூரி வாரியத் தேர்வுக்கும் தனித்தனியே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒரே பள்ளியின் ஒரே வகுப்பு நான்கு சிறு குழுக்களாகச் சிதறியது. நாடுகளுக்கிடையே நல்லுணர்வு வளர்த்தற்கென்றே தோன்றிய பள்ளி, தன் இறுதிப் படியில் மாணவரை அவரவர் நாட்டு எல்லைக்குள் மீண்டும் அடைத்துவிட்டது.

அப் பள்ளியின் தலைவியாயிருந்த மரீ தெரேஸ் மொரேத் என்பார் 1948இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்திற்கு ஒரு சிறு நூல் எழுதினார். அமைதிக்கான கல்வி முறைகள் உளவோ என்னும் வினாவே அந்நூலின் தலைப்பாக அமைந்தது. 1951இல் அனைத்துலகப் பள்ளிகளின் சங்கம் தோன்றிற்று. 1962இல் அப் பள்ளிகளின் சமூகவியல் ஆசிரியர்கள் ஜெனீவாவில் கூடி, எல்லா நாட்டு மாணவரும் எழுதத்தக்க பொது வரலாற்றுத் தேர்வு ஒன்றை வகுக்க முற்பட்டனர். ஜெனீவாப் பள்ளியின் வரலாற்றாசிரியர் இராபர்ட் லீச் அம் முயற்சியில் முன்னின்றார். 1964இல் தேர்வுக் குழு ஒன்று அமைந்தது. அமெரிக்க அறநிலையங்கள் பொருளுதவி செய்தன. 1968இல் அக் குழுவே அனைத்துலகப் பாக்கலோரியா நிறுவனமாகப் பதிவு பெற்றது. சில ஆண்டுகள் சோதனைத் தேர்வுகள் நடந்தபின், 1970இல் முறையான முதல் தேர்வு நடைபெற்றது. 1962இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கப்பெற்ற அட்லாண்டிக் கல்லூரி, 1971இல் ஆங்கில உயர்நிலைத் தேர்வைக் கைவிட்டு இப் பட்டயத்தையே தன் முழுப் பாடத்திட்டமாக ஏற்றது. சிறு பள்ளி ஆசிரியர் சிலரின் முயற்சி, பல்கலைக்கழகங்கள் மதிக்கும் தேர்வாக உருப்பெற்ற வரலாறு இவ்வளவே.

இப் பட்டயத்தின் வடிவத்தை வகுத்தவருள் தலையாயவர் அலெக் பீட்டர்சன். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகக் கல்வித் துறையின் இயக்குநராய் இருந்த அவரே நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநருமாவார். இங்கிலாந்தின் ஆறாம் படிவம் மாணவரை மிக இளமையிலேயே கலை, அறிவியல் என இரு கூறாகப் பிளந்துவிடுகிறது என்பது அவரது நெடுநாட் கவலை. 1960இல் வெளிவந்த அவரது அறிக்கையும் இப் பிளவையே பொருளாகக் கொண்டது. 1951இல் தொடங்கிய உயர்நிலைத் தேர்வில் மாணவன் மூன்று பாடம் மட்டும் எடுப்பான். அம் மூன்றும் ஒரே துறையைச் சார்ந்தனவாக இருத்தல் பெருவழக்கு. பதினாறு வயதில் கவிதையைக் கைவிட்டவன் மருத்துவனாகவும், கணக்கைக் கைவிட்டவன் வழக்கறிஞனாகவும் வெளியேறுவான். மறுதலையாகப் பிரான்சிலும் சுவிஸ் நாட்டிலும் மாணவன் பல பாடங்களைச் சுமந்தான். அகலம் இருந்தது, தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவாக இருந்தது. பீட்டர்சன் கண்ட வழி இவ்விரண்டுக்கும் நடுவண் அமைந்தது. மாணவன் ஆறு பாடம் பயில வேண்டும்; அவற்றுள் மூன்றை ஆழமாகவும் மூன்றை அளவாகவும் பயில வேண்டும்.

இன்றும் அவ்வமைப்பே நின்று நிலவுகிறது. தன் மொழி இலக்கியம், மற்றொரு மொழி, வரலாறு முதலிய மாந்தவியல் பாடம், இயற்கை அறிவியல், கணிதம் ஆகிய ஐந்து தொகுதியிலும் ஒவ்வொரு பாடம் கட்டாயம். ஆறாவது, கவின்கலை ஒன்றாகவோ முன்னைய தொகுதிகளிலிருந்து எடுத்த வேறொரு பாடமாகவோ இருக்கலாம். சிறப்பு நிலைப் பாடத்திற்கு 240 மணி நேரமும் பொது நிலைப் பாடத்திற்கு 150 மணி நேரமும் கற்பித்தற்குரிய அளவாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாடத்திற்கும் உச்ச மதிப்பு 7. ஆறு பாடத்திற்கு 42. அறிவுக் கோட்பாடு என்னும் பாடத்திற்கும், மாணவன் தானே பொருள் தேர்ந்து 4000 சொல்லுக்கு மேற்படாது எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3. ஆக 45. பட்டயம் பெறுதற்குக் குறைந்தது 24 வேண்டும். கலைப் படைப்பு, உடற்பயிற்சி, தொண்டு என்னும் மூன்றுக்கும் மதிப்பெண் இல்லை; எனினும் அவற்றை நிறைவேற்றாதவனுக்குப் பட்டயம் இல்லை.

அறிவுக் கோட்பாடு என்பதனைக் குறித்து ஒரு சொல். ஒன்றை அறிந்தோம் என்று எவ்வாறு கூறுகிறோம், வரலாற்றாசிரியன் கொள்ளும் சான்றும் அறிவியலான் கொள்ளும் சான்றும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பன போன்ற வினாக்களை அப் பாடம் எழுப்புகிறது. மேலை நாட்டார் பலர் இதனைப் புதுமை எனப் பாராட்டுவர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து வகை அளவைகளை வகுத்துரைப்பதைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இவ்வினாக்கள் முற்றும் புதியன ஆகா. ஆயின் நாம் அக் காதையைச் சமய வரலாற்றுச் சான்றாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். அளவை பற்றிய சிந்தனையாகக் கற்பிப்பது அரிது.

இனி முதல் தொகுதிக்கு வருவோம். இத்தொகுதியில் பயிலும் மொழியை முதன் மொழி எனக் குறிக்கலாம். நிறுவனத்தார் அதனை 'ஏ' மொழி என்பர். வரலாறு, அறிவியல், கணிதம் ஆகிய பாடங்கள் பொதுவாக ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்னும் மூன்று மொழிகளில் தேர்வு செய்யப்படுகின்றன. முதன் மொழிக்கோ இவ்வரம்பு இல்லை. போதிய எழுத்திலக்கியம் உடைய எம்மொழியையும் மாணவன் தன் முதன் மொழியாகக் கொள்ள வேண்டுகோள் விடுக்கலாம் என்பது விதி. பள்ளியில் அம்மொழி ஆசிரியர் இருப்பின் வகுப்பு நடைபெறும். இல்லையாயின், பள்ளியின் துணையுடன் மாணவன் தானே கற்கும் முறை ஒன்றும் உண்டு. அம்முறை இலக்கியப் பாடத்திற்கும் பொது நிலைக்கும் மட்டுமே உரியது.

இவ்விதியின் அடிப்படை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அனைத்துலகக் கல்வி என்றவுடன், எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழியில் எல்லார்க்கும் பொதுவான நூல்களைப் பயிற்றுவதே அதன் இயல்பாகும் என்று கருதத் தோன்றும். இப் பட்டயத்தை வகுத்தோர் அவ்வாறு கருதவில்லை. வேற்றுநாட்டில் வளரும் பிள்ளை தன் மொழியின் இலக்கியத்தோடு கொண்ட உறவை இழந்துவிட்டால், அவன் உலகினன் ஆவதில்லை. ஓரிடத்தும் வேரில்லாதவன் ஆகிறான் என்னும் எண்ணமே முதல் தொகுதியின் அமைப்பில் தெரிகின்றது. ஆதலின் முதன் மொழியைத் தொடக்க மொழிப் பயிற்சியாக வைக்காது, இலக்கியத் திறனாய்வாகவே வைத்தனர். வீட்டில் பேசுதற்கு மட்டும் பயன்படும் மொழி, பதினேழு வயதில் சிந்தித்தற்கும் பயன்பட வேண்டும் என்பது இதன் பொருள்.

2021 முதல் தேர்வு நடத்தப்பெறும் பாடத்திட்டத்தின்படி, இலக்கியப் பாடத்தைப் பொது நிலையில் பயில்வோன் 9 நூல்களையும் சிறப்பு நிலையில் பயில்வோன் 13 நூல்களையும் கற்க வேண்டும். பொது நிலையின் 9 நூல்களுள் குறைந்தது 4 அம்மொழியிலேயே முதற்கண் எழுதப்பட்டவையாகவும், குறைந்தது 3 பிறமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும். எஞ்சிய 2 நூல்கள் விருப்பத்திற்கு உரியன. சிறப்பு நிலையில் இவ்வெண்கள் முறையே 5, 4, 4 ஆகும். செய்யுள், நாடகம், புனைகதை, புனைவல்லாத உரைநடை என்னும் நான்கு வகையுள் பொது நிலைக்கு மூன்று வகையும், சிறப்பு நிலைக்கு நான்கு வகையும் இடம்பெற வேண்டும். மூன்று காலப் பகுதிகளும், குறைந்தது இரண்டு கண்டங்களைச் சார்ந்த நாடுகளும் இந்நூல்களில் அடங்க வேண்டும்.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவ்வரம்பு எளிதில் நிறைவேறும். மூன்று காலப் பகுதி என்பது பல மொழிகளுக்கு இடர் விளைப்பது. நமக்கோ எதனை விடுப்பது என்பதே இடராகும். குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் ஆழ்வார் பாசுரமும் பாரதியும் புதுமைப்பித்தனும் ஒரே பட்டியலில் இயல்பாக அமைவர். புனைவல்லாத உரைநடைக்கு உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தினும் சிறந்தது தேட வேண்டியதில்லை. நாடகத்திற்கு இந்திரா பார்த்தசாரதியின் ஔரங்கசீப், நந்தன் கதை முதலியன உள்ளன. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை வைப்பின், அது லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது ஆதலின், தமிழிலேயே முதற்கண் எழுதப்பட்டதா என்னும் வினா எழும். கம்பராமாயணம் பற்றியும் இவ்வினாவை ஒருவர் எழுப்பலாம். தொல்காப்பியர் மரபியலில் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணினார். நூலின் தன்மை பற்றிய அவ்வெண்ணம் இற்றைத் தேர்வு விதியின் இருகூற்றுப் பிரிவினும் நுட்பமானது. ஆயினும் கம்பனை மொழிபெயர்ப்பாளன் என எவரும் கொள்ளார். மனோன்மணீயமும் தழுவியெழுந்த தனி நூல் எனக் கொள்வதே முறை.

உண்மையான சோதனை பெயர்ப்பு நூல்களிடத்தே எழுகிறது. பிறமொழி இலக்கியத்தை மாணவன் தான் பயிலும் முதன் மொழியின் பெயர்ப்பு வாயிலாகவே கற்க வேண்டும் என்பது பொது முறை. அஃதாவது, தமிழை முதன் மொழியாகக் கொண்டவன் தால்ஸ்தோயையும் காம்யுவையும் தமிழில் படிக்க வேண்டும். தமிழில் விடை எழுத வேண்டும். ஒரு மொழியின் பழமையையோ அதன் நூற்பெருக்கத்தையோ இவ்விதி கேட்கவில்லை. உலக இலக்கியத்தில் எவ்வளவு அம்மொழிக்குள் வந்து சேர்ந்துள்ளது, எத்தகைய தரத்தில் வந்துள்ளது என்று கேட்கிறது. தமிழின் தொன்மையை நிலைநாட்டுவதில் நாம் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியும் இவ்வினாவுக்கு விடை காண்பதில் செலவிடவில்லை என்பது என் கருத்து.

விடை முற்றும் வெறுமையானதன்று. டி. எஸ். சொக்கலிங்கம் தால்ஸ்தோயின் பெருநாவலைப் போரும் வாழ்வும் எனத் தமிழாக்கினார். அதே ஆசிரியரின் புத்துயிர்ப்பை ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்தார், மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழ் நூல்கள் ஒரு தலைமுறைக்கு ருஷிய இலக்கியத்தை மலிவு விலையில் அளித்தன. க. நா. சுப்ரமண்யம் நார்வே நாட்டு நுட் ஹாம்சனின் நாவலை நிலவளம் என்னும் பெயரிலும், சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் நாவலை மதகுரு என்னும் பெயரிலும் தந்தார். இவை ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்த்த காம்யுவின் அந்நியனும், அவர் ச. மதனகல்யாணியுடன் சேர்ந்து பெயர்த்த குட்டி இளவரசனும், ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மானியத்திலிருந்து பெயர்த்த காஃப்காவின் விசாரணையும் மூலத்தோடு நேருறவு கொண்டவை. இந்திய மொழிகளுள் வங்கத்திலிருந்து த. நா. குமாரஸ்வாமியும், மராத்தியிலிருந்து கா. ஸ்ரீ. ஸ்ரீ.யும், மலையாளத்திலிருந்து செம்மீனைப் பெயர்த்த சுந்தர ராமசாமியும் செய்த பணி யாவரும் அறிந்தது. மூன்று பெயர்ப்பு நூல் என்ன, முப்பது நூலுக்கும் இடமுண்டு.

ஆயினும் இங்கே இரண்டு குறைகள் தென்படுகின்றன. ஒன்று, மேற்கூறியவற்றுள் மிகப் பெரும்பாலன புனைகதைகள். பிறமொழிச் செய்யுளும் நாடகமும் தமிழில் ஒப்பளவில் குறைவாகவே வந்துள்ளன. நாடகத்தில் நம் முன்னோர் தழுவலையே விரும்பினர். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார். மேடைக்கு அது பொருந்தியது. ஆயின் அதனை எடுத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் சொல்லாட்சியை ஒரு மாணவன் ஆராய முடியாது. சம்பந்த முதலியாரின் சொல்லாட்சியையே ஆராய முடியும். மற்றொன்று, பெயர்ப்பு நூல்களுக்கு மாணவர் பதிப்பு என ஒன்று நம்மிடம் இல்லாமை. மூலம் எது, இடையில் எம்மொழி நின்றது, பெயர்ப்பாளர் எவற்றை விடுத்தார் என்பவற்றைக் கூறும் முன்னுரையும் குறிப்பும் இன்றி, பெயர்ப்பு நூலைத் திறனாய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதை ஒக்கும். சங்க நூல்களுக்கு ஏட்டு வேறுபாடு காட்டிப் பதிப்பித்த மரபினர் நாம். அம்மரபின் ஒழுங்கை இப் பணிக்குக் கொண்டுவருதல் அரிதன்று.

தேர்வு நடைபெறும் முறையும் தமிழாசிரியர் கருத்தூன்றி நோக்குதற்குரியது. முதல் தாளில் மாணவன் முன்பின் கண்டிராத பகுதி தரப்படும். அதனை வழிகாட்டும் வினா ஒன்றின் துணையுடன் அவனே ஆராய்ந்து எழுத வேண்டும். பொது நிலையில் ஒரு பகுதி, சிறப்பு நிலையில் வெவ்வேறு இலக்கிய வகையைச் சார்ந்த இரு பகுதி. இரண்டாம் தாளில் தான் கற்ற நூல்களுள் இரண்டை ஒப்பிட்டு எழுத வேண்டும். நூல்களைக் கையில் வைத்திருக்க இயலாது. இவற்றோடு வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. அதில் முதன் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு நூலையும் பெயர்ப்பு நூல் ஒன்றையும் எடுத்து, உலகு தழுவிய சிக்கல் ஒன்று அவ்விரண்டிலும் எவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்பதை மாணவன் எடுத்துரைக்க வேண்டும். வகுப்பில் பயில்வோர்க்கு அவ்வுரை 10 நிமிடம். பின்னர் ஆசிரியர் 5 நிமிடம் வினவுவார். சிறப்பு நிலையில் பயில்வோன் 1200 முதல் 1500 சொல் வரை கட்டுரை ஒன்றும் எழுத வேண்டும். பொது நிலையில் நூற்றுக்கு 35 பங்கு முதல் தாளுக்கும், 35 பங்கு இரண்டாம் தாளுக்கும், 30 பங்கு வாய்மொழிக்கும் உரியன.

காணாத பகுதியை ஆராயும் முதல் தாளே நம் மாணவர்க்குப் பெரிதும் அயலானது. நம் பாடநூல்களில் நயம் பாராட்டல் என்னும் பயிற்சி உண்டு. ஆயின் மையக் கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம் என்னும் தலைப்புகளை வரிசையாக நிரப்பினால் மதிப்பெண் கிடைக்கும் என்னும் நிலைக்கு அது வந்துவிட்டது. எச் செய்யுளுக்கும் ஒரே சட்டம் பொருந்துமாயின், அச் செய்யுளை அவன் படித்தானா என்பது எவ்வாறு தெரியும்? நம் உரையாசிரியர்களோ அவ்வாறு செய்தவர்கள் அல்லர். பரிமேலழகர் ஒரு சொல் அவ்விடத்தே நின்றதற்குக் காரணம் தேடுவார். நச்சினார்க்கினியர் தமக்குத் தோன்றிய பொருளுக்காகச் சொற்களை மாட்டெறிந்து கூட்டவும் தயங்கார். அவர் முடிபை மறுப்போரும், அம்முடிபுக்கு அவர் செய்யுளையே சான்றாக்க முயன்றதை மறுக்க இயலாது. இப் பட்டயத்தின் முதல் தாள் பதினெட்டு வயது மாணவனிடம் எதிர்பார்ப்பதும் அதே வகை முயற்சிதான்: பகுதியிலிருந்தே சான்று காட்டித் தன் பொருளை நிறுவுதல். உரை மரபின் முடிபுகளை மனனம் செய்வித்து, அம்முடிபுகளை அடைந்த வழியைக் கற்பியாது விட்டது நம் வகுப்பறைகளில் நேர்ந்த இழப்பாகும்.

தமிழ்நாட்டோடு இப் பட்டயத்திற்கு உள்ள தொடர்பு பலர் எண்ணுவதினும் பழமையானது. இந்தியாவில் இதனை முதன்முதல் ஏற்ற பள்ளி கோடைக்கானலில் உள்ளது. 1901இல் தொடங்கி, பின்னர்க் கோடைக்கானல் அனைத்துலகப் பள்ளி எனப் பெயர் பெற்ற அப் பள்ளி 1976இல் இந்நிறுவனத்தில் இணைந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் இப் பட்டயத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகராக ஏற்றுள்ளது. ஆதலின் இதனை அயல்நாட்டுச் செய்தியாகவே கருதி ஒதுக்குதல் பொருந்தாது.

இங்கே இருமொழிப் பட்டயம் என்னும் வகையைக் குறிப்பிடுதல் வேண்டும். மாணவன் இரண்டு மொழிகளை முதன் மொழியாகவே பயின்று ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 மதிப்புப் பெற்றால் அவனுக்கு இருமொழிப் பட்டயம் வழங்கப்படும். முதன் மொழியின் வேறான மொழியில் வரலாறு அல்லது அறிவியல் போன்ற பாடத்தைப் பயின்று, இரண்டிலும் அவ்வளவு மதிப்புப் பெற்றோனுக்கும் அஃது உரியது. ஆங்கிலத்தின் வழிப் பயிலும் தமிழ் மாணவன் ஒருவன் தமிழ் இலக்கியத்தை முதன் மொழியாகக் கொள்வானாயின், அவன் கூடுதலாக எப்பாடமும் எடுக்காமலே இத்தகுதிக்கு உரியவனாகிறான். இச் செய்தி பெற்றோர்க்கு எட்டுவதில்லை. தமிழை எடுத்தால் மதிப்பெண் குறையும், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் மதியாது என்னும் அச்சத்தால் ஆங்கிலத்தை மட்டும் முதன் மொழியாக்கி, இரண்டாம் மொழிக்குப் பிரெஞ்சையோ ஸ்பானியத்தையோ தொடக்க நிலையில் பயிற்றுகின்றனர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பதினாறு வயதில் பிரெஞ்சு மொழியில் தன் பெயர் கூறக் கற்கும்போது, தன் மொழியில் ஒரு பத்தி எழுத இயலாதவனாக வெளியேறுகிறான்.

ஆறாம் படிவ நிலையில் தமிழ் வேறு நாடுகளில் தேர்வுப் பாடமாக இல்லாமல் இல்லை. இலங்கையின் உயர்தரத் தேர்விலும், மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்விலும், சிங்கப்பூரின் உயர்நிலைத் தேர்விலும் தமிழ் இடம்பெற்றுள்ளது. அவை அவ்வந் நாட்டின் அரசும் தேர்வு மன்றமும் நூல் வகுத்து நடத்தும் தேர்வுகள். அங்கெல்லாம் தமிழ் நூல்களே தமிழ்ப் பாடத்தின் முழுப் பொருளும். பாரிசிலோ துபாயிலோ பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு அவை கிட்டா. அத்தகையோர்க்கு எஞ்சிய வழி மேற்கூறிய தானே கற்கும் முறைதான். அம்முறையின் வெற்றி மாணவனின் ஆர்வத்தை மட்டும் சார்ந்ததன்று. நூற்பட்டியலை வகுத்துத் தருவோர், பெயர்ப்பு நூல்களைத் தேடித் தருவோர், தொலைவிலிருந்து கட்டுரை திருத்துவோர், விடைத்தாளை மதிப்பிடத் தகுதி பெற்றோர் ஆகியோரைச் சார்ந்தது. மதிப்பிடுவோர் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலிருந்தே வர இயலும்.

இப் பட்டயம் சிலர்க்கே உரிய செல்வக் கல்வி என்னும் குறையை மறைத்தல் தகாது. இந்தியாவில் இதனை நடத்துவன பெரும்பாலும் மிகு கட்டணம் பெறும் தனியார் பள்ளிகள். ஆயின் எல்லா நாட்டிலும் அவ்வாறில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதனை நடத்தும் பள்ளிகளுள் பெரும்பாலன அரசுப் பொதுப் பள்ளிகள். எக்குவடோர் நாட்டு அரசும் தன் பள்ளிகள் பலவற்றில் இதனைப் புகுத்தியது. மொழியைப் பொறுத்தவரை ஜப்பான் செய்தது இன்னும் கருதத்தக்கது. அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, இலக்கியம் மட்டுமின்றி வரலாறு, அறிவியல் முதலிய பாடங்கள் சிலவற்றையும் ஜப்பானிய மொழியிலேயே கற்பித்துத் தேர்வு நடத்த வழி செய்தது. 2019இல் கொரிய நாட்டின் தேகு, ஜேஜு என்னும் இரு பகுதிகளின் கல்வித் துறையினரும் கொரிய மொழிக்கு அவ்வாறே உடன்பாடு பெற்றனர். இந்நாடுகளில் மொழிக்கு இடம் தானாக வந்து சேரவில்லை. அரசும் கல்வியாளரும் பாடநூலும் ஆசிரியரும் தேர்வாளரும் ஆயத்தமாக உள்ளனர் என்று காட்டிய பின்னரே வந்தது.

நம்மிடம் இவற்றுள் எவை உள்ளன என்பதைக் கணக்கெடுத்தல் முதல் வேலை. முதல் தாளுக்குப் பயிற்சியாக, உரையின்றித் தரத்தக்க செய்யுட் பகுதிகளும் உரைநடைப் பகுதிகளும் வழிகாட்டும் வினாவோடு தொகுக்கப்படல் வேண்டும். தமிழில் வந்துள்ள உலக இலக்கியப் பெயர்ப்புகளுக்கு மூல மொழி, இடைமொழி, பதிப்பாண்டு, விடுபாடு ஆகியவற்றைக் குறிக்கும் விளக்கப் பட்டியல் ஒன்று வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெயர்ப்பு நூலை மூலத்தோடோ நம்பத்தக்க ஆங்கிலப் பெயர்ப்போடோ ஒப்பிட்டு ஆய்வுரை எழுதினால், ஒரு துறையில் மூன்றே ஆண்டில் இப் பட்டியலின் பெரும்பகுதி முற்றுப்பெறும். செய்யுளிலும் நாடகத்திலும் எந்நூல்கள் இன்னும் தமிழுக்கு வர வேண்டும் என்பதும் அப்பொழுது தெளிவாகும்.